ஏழு கம்பம்

ஷிஃப்ட் முடிந்து ஆறேகாலுக்கு வருவேன்.
பூட்டைத் தொடுமுன்பே
உள்ளே தகரக் கதவில் வால் தட்டும்.
பெயர் ஊக்கு.
குட்டியாய் இருந்தபோது சாக்கடைக் கம்பியில்
கழுத்துத் தோல் மாட்டிக் கிடந்தது, அதனால்.

வேகவைத்த ஈரல், சுண்டுவிரல் நகமளவு,
இருபது துண்டு.
மிஞ்சிய லைனிங் துணியில் நானே தைத்த பை, இடுப்பில்.

எங்கள் சந்துமுனையில் ஏழாம் கம்பம்.
நேரே போனால் முதல் கம்பத்தடியில்
ஜபருல்லா பாய் பிரியாணிக் கடை.
ஆம்பூரில் காற்றுக்கு இரண்டே வாசனை.
ஒன்று அங்கிருந்து வரும்,
மற்றது தோல் ஷெட்டிலிருந்து.
நாய்க்கு இரண்டும் விருந்து.

"ஊக்கு."
ஒரே தரம்தான் சொல்வேன்.
திரும்பிப் பார்த்தால் அந்தக் கணமே துண்டு வாயில்.
பார்க்காவிட்டால் காத்திருப்பேன்.
இரண்டாம் தரம் கூப்பிட்டால்
பெயர் வெறும் சத்தமாகிவிடும்.

ஐந்தாம் கம்பத்துக்கு வர ஒன்பது நாள்.
பஞ்சர் கடைக் கம்ப்ரசர் வீறிட்ட அன்று,
லாரியிலிருந்து இறக்கிய மூன்று ஆடும்
மூன்று திசையில் ஓடிய அன்று,
இரண்டு கம்பம் பின்னால் போய்விடுவோம்.
தூரம்தான் மருந்து.

"இன்னாக்கா, நாய்க்கு டியூஷனா?"
டீக்கடை பெஞ்சில் சிரிப்பு.
"ஃபீஸ் இன்னா?"
"ஈரல்."
"அப்ப என்னையும் சேத்துக்க" என்றான்
பஞ்சர் கடை குப்புராஜ்.

நாலாம் கம்பத்தில் ஒரு நாள்
கோழி எலும்பொன்று கிடந்தது.
கயிறு உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓடியது.
வாயில் வந்துவிட்டது:
"கண்ண எங்க வெச்சிகினு கீற?"

என் குரல் இல்லை அது.
மூன்றாம் லைன் சூப்பர்வைசரின் குரல்.
ஷூவின் மேல்பாகம் தைக்கையில்
ஒரு தடவை ஜன்னல் பக்கம் திரும்பினேன்.
பெங்களூர் வண்டி மழையில் நின்றிருந்தது,
அவ்வளவுதான்.
ஊசி நகத்தைத் துளைத்து இறங்கியபோது
பஞ்சுக்கு முன்னால் வந்தது அந்தக் கேள்வி.
இடது ஆள்காட்டி நகம்
இன்றும் இரண்டாகத்தான் வளர்கிறது.

எட்டு மணி நேரம், நானூறு ஜோடி.
எடுக்காத கண்ணுக்காக
எனக்கு யாரும் ஒரு துண்டு நீட்டியதில்லை.

அன்று ஆறாம் கம்பத்துக்குத் திரும்பினோம்.
நின்றோம். பார்த்தது.
இரண்டு துண்டு கொடுத்தேன்,
ஒன்று கணக்கில், ஒன்று கணக்கில்லாமல்.

இதற்கு அன்பென்று யாரும் பெயர் வைக்க வேண்டாம்.
ஈரல் தீர்ந்தால் என் முகமும் ஒரு சுவர்தான்.
ஆனால் எலும்புக்கும் எனக்கும் நடுவே
மூக்கு தடுமாறி
காதுகள் ஆளுக்கொரு பக்கம் திரும்பி
ஒரு அரை மூச்சு இருக்கிறதே,
அதை அது தானாகவே கடந்து வருகிறது.
கயிறு தொய்ந்தே கிடக்கிறது.

இன்று இரண்டாம் கம்பம்.
பாய் அண்டாவின் மூடியைத் தள்ளினார்.
சீரகச்சம்பா ஆவி ரோட்டைத் தாண்டி வந்தது.
ஸ்கூட்டர், பார்சல் பை, அழும் குழந்தை,
கத்திரிக்காய்த் தொக்கு வாளியின் கரண்டிச் சத்தம்.
யாரோ வீசிய கொழுப்புத் துண்டு
முன்னங்காலுக்கு ஒரு முழத்தில் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து போன் அதிர்ந்தது.
ஞாயிறு ஓவர்டைம், வருவாயா மாட்டாயா.
படித்தேன். மறுபடி படித்தேன்.
ஞாயிறை மனசுக்குள் வெட்டி வெட்டிப் பார்த்தேன்.

நிமிர்ந்தபோது
ஊக்கு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.
நான் கூப்பிடவே இல்லை.
கொழுப்பு விழுந்த இடத்திலேயே கிடந்தது.
தாடைக்குக் கீழே தார் ரோட்டில்
எச்சில் சொட்டி ஒரு வட்டம்,
ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிது.
எவ்வளவு நேரம் என்பதை
அதை வைத்துத்தான் கணக்குப் போட்டேன்.

பையில் ஏழு துண்டு மிச்சம்.
ஏழையும் கொடுத்தேன்.
முதல் கம்பம் எங்கேயும் போய்விடாது.

திரும்பும் வழியில் ஒரு பெருச்சாளி
சாக்கடைப் பலகைக்கு அடியில் ஓடியது.
ஊக்கு பாய்ந்தது.
கயிற்றின் நீளம் முழுக்க விட்டுக்கொடுத்தேன்.
பாடம் முடிந்திருந்தது.